தொகுதி வரம்பும் தலைக் கணக்கும்

(கிராண்ட்பாசில் நிகழ்த்திய உரை)



இங்கு கூடியிருப்போரிற் பலர் கொழும்பிலே உத்தியோகம் பார்ப்பினும் ஊரிலே வயல் உடையவர்கள். வரம்பை ஒரு சாண் தள்ளி வெட்டினால் எத்தகைய வழக்கு எழும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேர்தல் தொகுதியின் வரம்பும் அத்தகையதே. ஆனால் அதை வெட்டுகிறவர் மண்வெட்டியோடு வருவதில்லை. குடிசன மதிப்பு ஏட்டோடு வருகிறார்.

சோல்பரி அரசியலமைப்பு 75,000 மக்களுக்கு ஓர் அங்கத்தவர், 1,000 சதுர மைலுக்கு மேலும் ஒருவர் என்று விதித்தது. 1947இல் 89 தொகுதிகளிலிருந்து 95 பேர் தெரிவாயினர். அவற்றுள் மூன்று அங்கத்தவரைக் கொண்ட தொகுதி ஒன்றே ஒன்று. அதுதான் மத்திய கொழும்பு. சிறுபான்மையோர் செறிந்து வாழும் இடத்தில் அவர்களுக்கும் குரல் வேண்டும் என்பதற்காகவே பல அங்கத்தவர் தொகுதி என்னும் ஏற்பாடு வந்தது. வாக்காளருக்கு மூன்று வாக்குகள். விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். பயன் என்ன? தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க, மலாயரான ரி. பி. ஜாயா, பறங்கியரான பீற்றர் கெனமன் ஆகிய மூவரும் ஒரே தொகுதியிலிருந்து சபை புகுந்தனர்!

அதே தேர்தலில் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்து வந்தது 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் அந்த எழுவரின் இடத்தில் ஒருவர்கூட இல்லை.

அங்கத்தவர் இல்லாது போயினர், ஆசனங்கள் போயினவா? இல்லை. 1959இல் எல்லைகளை மீண்டும் வகுத்தபோது தோட்டத் தொழிலாளியின் தலையும் எண்ணப்பட்டது. அவனை எண்ணிக் கிடைத்த ஆசனத்துக்கு வாக்களித்தவர் வேறொருவர். இதனை எந்த நீதி நூலில் தேடுவது?

ஜெர்மனியின் தேர்தற் சட்டத்தைப் பாருங்கள். தொகுதிகளை வகுக்கும்போது அங்கே வெளிநாட்டவரைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. சராசரியிலிருந்து 25 வீதத்துக்கு மேல் விலகிய தொகுதியைத் திருத்தியே ஆக வேண்டும். அவ்விதி இங்கு இருந்திருந்தால் தொழிலாளிக்கு வாக்கு வந்திராது என்பது உண்மையே. மலைநாட்டின் ஆசனங்களும் குறைந்திருக்கும். ஆயினும் அவன் தலையைக் காட்டிப் பிறர் ஆசனம் பெறும் அவலம் நேர்ந்திராது.

1976இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியாயிற்று. 1947இல் நுவரெலியாவில் வென்ற சௌ. தொண்டமான் 1977இல் அங்கே மூன்றாம் அங்கத்தவராகத் தெரிவானார். மத்திய கொழும்பில் முதல் தேர்தலிலேயே பலித்த முறை மலையேற முப்பது ஆண்டுகள் பிடித்தன.

1978இன் அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. மத்திய கொழும்பு கொழும்பு மாவட்டத்துள் ஒரு வாக்களிப்புப் பிரிவாகச் சுருங்கிற்று. அதனால் எல்லைப் பிரச்சினை தீர்ந்ததென்று எண்ணிவிடாதீர்கள். மாகாண சபைத் தொகுதிகளுக்கு எல்லை வகுத்த அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் நிராகரித்தது. ஆதரித்து ஒரு வாக்கும் விழவில்லை. அதன்பின் அத்தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று.

இனி ஓர் எல்லைக்குழு சாட்சியம் கேட்க அமருமாயின், நம் சங்கங்கள் கண்டனத் தீர்மானத்தோடு மட்டும் போகக்கூடாது. கிராம சேவகர் பிரிவு வாரியாக எத்தனை பேர், எத்தனை வாக்காளர், எந்தத் தெருவோடு எல்லை முடிகிறது என்ற கணக்கையும் தேசப்படத்தையும் கையிற் கொண்டு போக வேண்டும். அந்தக் கணக்கைத் திரட்டும் வேலையை இந்த வட்டாரத்திலேயே தொடங்குவோம். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள்.