திருகோணமலையும் பூந்தமல்லியும்

திருவேற்காட்டில் இன்று தொடங்கும் இக்கருத்தரங்கின் பொருள், ஒரு நாட்டினுள் எழும் இனச்சிக்கலும் அந்நாட்டின் கட்சி அரசியலும் வல்லரசுகளுக்கு இடையிலான உறவை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதாகும். இதைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் 1914இல் ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசுக்கும் செர்பியாவுக்கும் மூண்ட பகையிலிருந்தோ, சோவியத் யூதர்களின் குடிபெயரும் உரிமையை வணிகச் சலுகையோடு பிணைத்த அமெரிக்காவின் ஜாக்சன்–வானிக் திருத்தத்திலிருந்தோ தொடங்குகின்றன. தமிழ் ஆய்வாளர்களுக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டிய தேவை இல்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்ந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கு, இந்த ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூந்தமல்லியின் தனி நீதிமன்றத்தில் மூடிய கதவுகளுக்குள் விசாரிக்கப்பட்டது. 1998 ஜனவரி 28 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் அங்கே மரண தண்டனை விதிக்கப்பட, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதனை உறுதிசெய்தது. அந்த வழக்கின் வேரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்பவர் சென்று சேரும் இடங்களுள் ஒன்று திருகோணமலைத் துறைமுகம்.

அமெரிக்க அரசியலறிஞர் ராபர்ட் புட்னம் 1988இல் முன்வைத்த ஈரரங்கு ஆட்டம் என்னும் கருத்து இங்கே துணைசெய்யும். வெளிநாட்டோடு பேரம் பேசும் எந்த அரசும் அதே வேளையில் தன் நாட்டு வாக்காளர்களோடும் கூட்டணிக் கட்சிகளோடும் படைத்தலைமையோடும் மற்றொரு பேரம் பேசியாக வேண்டும் என்பதும், ஓர் அரங்கில் இயலும் உடன்பாடு மற்றோர் அரங்கில் இயலாமற்போகலாம் என்பதும் அதன் சாரம். இலங்கைத் தமிழர் சிக்கலை இக்கருத்தின் துணையோடு பார்க்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது: மக்களின் கொதிப்பு ஓர் அரசைப் பேரத்துக்கு இழுத்துவரும், ஆனால் அந்தப் பேரத்தில் எது கறாராக எழுதப்படும், எது காலத்தின் கையில் விடப்படும் என்பதைப் பெரும்பாலும் துறைமுகங்களும் எல்லைகளுமே முடிவுசெய்திருக்கின்றன.

சிங்கள அரசியலின் உள்ளரங்கை முதலில் காண வேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை இயற்றிய எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா, அடுத்த ஆண்டே எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார், எதிர்க்கட்சியிலிருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிக்குகளின் நெருக்குதலுக்குப் பணிந்து பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். இரு பெருங்கட்சிகளும் ஒன்றையொன்று மிஞ்சிப் பெரும்பான்மையினத்துக்கு வாக்குறுதி அளிக்கும் இப்போட்டியை இனவாத ஏலம் எனலாம். ஏலத்தில் விலை ஏறுமேயன்றி இறங்காது. அன்று நடைபயணம் சென்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவராகத் தமிழருக்கு ஏதேனும் வழங்க முற்பட்டபோது, தாம் ஏற்றிவைத்த விலையே அவர் கையைக் கட்டிப்போட்டது.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் எரிக்கப்பட்டபோது தமிழ்நாடு கொதித்தெழுந்தது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராகவும் கலைஞர் கருணாநிதி எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்த அக்காலத்தில், யார் தமிழருக்கு அதிகம் துணைநிற்பவர் என்பதில் இங்கும் ஒரு போட்டி எழுந்தது. கருணாநிதி தம் சட்டமன்ற உறுப்பினர் பதவியையே துறந்தார். இந்திரா காந்தி முதலில் நரசிம்ம ராவையும் பின்னர் ஜி. பார்த்தசாரதியையும் கொழும்புக்கு அனுப்பியதோடு, போராளி இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் பயிற்சி கிடைக்கவும் வழிசெய்தார். தமிழ்நாட்டு உணர்வு அதற்கு ஒரு காரணம். மறு காரணம், ஜெயவர்த்தனா அமெரிக்கா, பிரிட்டன், பாகிஸ்தான், இஸ்ரேல் ஆகியவற்றின் பக்கம் சாய்ந்துவந்ததாகும். 1984இல் கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதரகத்திலேயே இஸ்ரேலின் நலன்காப்புப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப்பொருள்களைப் போட்டபோது எந்த வல்லரசும் கொழும்புக்காக முன்வரவில்லை. அடுத்த மாதமே ஜெயவர்த்தனா, அப்போது பிரதமராயிருந்த ராஜீவ் காந்தியோடு இந்திய–இலங்கை உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்.

1987 ஜூலை 29 உடன்படிக்கையோடு அதே நாளில் இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை ஆய்வாளர்கள் ஒருசேர வைத்துப் படிக்க வேண்டும். உடன்படிக்கை வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பையும் அதிகாரப் பகிர்வையும் பற்றியது. கடிதங்களோ, அயல்நாட்டுப் படை, உளவு ஆட்களின் பணியையும், இந்திய நலனுக்குக் கேடாகத் திருகோணமலையோ வேறு துறைமுகமோ எந்நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் தரப்படலாகாது என்பதையும், பிரிட்டிஷார் காலத்து எண்ணெய்க் கலன்களை இரு நாடுகளும் கூட்டாகச் செப்பனிட்டு இயக்குவதையும், அயல்நாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் படைத்தேவைக்குப் பயன்படாமையையும் பற்றியவை. தமிழரின் பெயரால் நடந்த பேரத்தில் தமிழரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பகுதி இது. பின்னர் நடந்ததைப் பாருங்கள். இணைக்கப்பட்ட மாகாணங்கள் நீதிமன்றத் தீர்ப்பால் 2007இல் பிரிக்கப்பட்டன. இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தந்த காவல், காணி அதிகாரங்கள் மாகாண சபைகளின் கைக்கு வந்துசேரவில்லை. 99 எண்ணெய்க் கலன்களோ 2022 ஜனவரியில் புதிய உடன்பாட்டின் வழியே 14, 61, 24 எனக் கணக்காகப் பங்கிடப்பட்டு, 61 கலன்கள் கூட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டன. 1987இல் அமெரிக்காவை மனத்தில் வைத்து எழுதப்பட்ட துறைமுக வாசகம், 2017இல் அம்பாந்தோட்டை 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் சென்ற பிறகு சீனாவை நோக்கி நீட்டப்படுகிறது. அன்று ஐயத்துக்குரியதாயிருந்த அமெரிக்காவே இன்று அதே கவலையை இந்தியாவோடு பகிர்ந்துகொள்கிறது.

ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இந்தியா அளித்த வாக்குகளும் இவ்வாறே ஆராயத்தக்கவை. 2009 மே மாதம், இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்த சில நாள்களுக்குள் கொழும்புக்கு இசைவான தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2012இலும் 2013இலும் அமெரிக்கத் தீர்மானங்களை ஆதரித்தது. 2013 மார்ச் 19 அன்று தி.மு.க. தன் 18 மக்களவை உறுப்பினர்களோடு மத்திய ஆட்சியிலிருந்து விலகியது. வாக்கெடுப்பு இரண்டு நாள் கழித்து நடந்தது. கூட்டணித் தளை இல்லாத 2014இல் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. கூட்டணிக் கணக்கு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். அவ்வாண்டுத் தீர்மானம் பன்னாட்டு விசாரணை வரை சென்றதும், சீனாவின் கை ஓங்கிவந்ததும் டெல்லியின் கணக்கில் இருந்தன. ஆயினும் சென்னையின் அழுத்தம் கூட்டணி எண்ணிக்கையாக மாறும்போது மட்டுமே டெல்லியின் செவியை எட்டியது என்பது வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை.

இத்துறையில் தமிழாய்வுக்கு ஒரு பெருங்குறை உண்டு. சிங்களச் செய்தித்தாள்களையும் நாடாளுமன்ற உரைகளையும் மூலமொழியில் படிக்கவல்ல ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் அரியர். அதனால் மறுதரப்பின் உள்ளரங்கு நம் நூல்களில் ஒற்றை நிறமாகவே காட்சியளிக்கிறது. பல்கலைக்கழகங்கள் சிங்கள மொழிப் பயிற்சிக்கு இடமளிப்பது அரசியல் சலுகை அன்று, ஆய்வின் அடிப்படைத் தேவை.

கருத்தரங்கின் முதல் அமர்வு 1964 அக்டோபர் 30 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்கிறது. சீனப் போரில் தோற்று அண்டை நாடுகளின் நட்பை நாடிய இந்தியாவும், மலையகத் தமிழரின் வாக்குகளுக்கு அஞ்சிய இலங்கையும் அதில் சந்தித்தன. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனக் கணக்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கப்பட்டு, 1974இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று அவர்களிடம் கேட்ட பின்னர் இந்த எண்கள் எழுதப்படவில்லை. எண்களை எழுதிய பின்னரே விண்ணப்பப் படிவங்கள் தோட்டங்களுக்குச் சென்றன.