தொட்டி நிரம்பினால் விளக்கெரியும்

டிரான்சிஸ்டர் என்றதும் வரப்பில் வைத்துக் கேட்ட வானொலிப் பெட்டிதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். உள்ளே இருந்த ஒரு சின்னப் பொருளால்தான் பெட்டிக்கே அந்தப் பெயர் வந்தது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அதை முதலில் இயக்கிக் காட்டினார்கள். இன்று மிளகுப் பருமனில், சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வைத்து நம் வீட்டுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

இருங்காட்டுக்கோட்டையில் சிப்காட் வந்து, 1998-இல் ஹூண்டாய் கார் ஆலையும் ஓடத் தொடங்கிய பிறகு, பல வீடுகளில் பிள்ளைகள் ஷிப்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். மாடு, கிணறு, மோட்டார் எல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. மோட்டாரைப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனால், மேலே தொட்டி வழிவது தெரியாது. அதைப் பார்க்க அறுபது வயதுக்கு மேல் ஏணி ஏறுவதா? விழுந்து இடுப்பு முறிந்தால் யார் பார்ப்பது?

தண்ணீர் கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் ரொம்பக் கொஞ்சம். நேராக விளக்கோடு சேர்த்தால் பகலில் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. இங்கேதான் டிரான்சிஸ்டர் உதவுகிறது. மதகுப் பலகையைத் தூக்க ஒரு ஆள் கை போதும். பாயும் தண்ணீரை அவன் சுமப்பதில்லை. அதுபோல, 'பேஸ்' என்ற நடுக்காலில் சிறிது மின்சாரம் நுழைந்தால், 'கலெக்டர்' காலிலிருந்து 'எமிட்டர்' காலுக்குப் பல மடங்கு மின்சாரம் பாயும். பேஸில் நின்றால் அங்கேயும் நின்றுவிடும். 2022-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாக்ஸ்கான் ஆலையில் பொருத்திய ஐபோன் 14-இன் சில்லுக்குள் இப்படிப்பட்ட மதகுகள் 1,500 கோடி! நமக்கு ஒன்றே போதும்.

வானொலியில் படம் காட்ட முடியாது, வாய்வார்த்தையாகவே சொல்கிறேன். பி.சி.547 என்ற டிரான்சிஸ்டர், சிவப்பு எல்.இ.டி. விளக்கு, 470 ஓம், 10 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர்கள், டார்ச் செல் நாலு. செல்களை வரிசையாக வைத்தால் 6 வோல்ட். டிரான்சிஸ்டரின் தட்டை முகத்தை நம் பக்கம் வைத்து, கால்கள் கீழே இருக்கப் பாருங்கள்: இடது கலெக்டர், நடு பேஸ், வலது எமிட்டர்.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து 470 ஓம் வழியாக விளக்கின் நீளக் காலுக்கு ஒரு வயர். விளக்கின் குட்டைக் காலைக் கலெக்டரோடு சேருங்கள். எமிட்டர் மைனஸுக்குப் போகட்டும். இனித் தொட்டிக்கு ரெண்டு வயர். பிளஸ்ஸிலிருந்து போகும் வயரின் முனை கீழே இருக்கட்டும். பேஸிலிருந்து 10 ஆயிரம் ஓம் வழியாக வரும் வயரின் முனை, நிரம்பும் மட்டத்தில் தொங்கட்டும். தண்ணீர் அந்த மேல் முனையைத் தொட்டதும் திண்ணையில் சிவப்பு விளக்கு எரியும். மட்டம் இறங்கினால் அணையும். 470 ஓமைத் தவிர்த்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் விளக்கு கருகிவிடும்.

முனைகள் சுவரைத் தொடக் கூடாது. ஈரச் சிமெண்டு வழியாகவே மின்சாரம் போய், தண்ணீர் இறங்கிய பிறகும் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். செம்பு வயரை அப்படியே விட்டாலும் பிளஸ் முனை பச்சை பூத்து அரித்துப்போகும்; துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூவைக் கட்டி விடுங்கள். பாசி பிடித்தால் துடைக்கவும் வேண்டும். தொட்டி நிரம்பியிருக்கும் வரை செல் செலவாகும் என்பதால், ஒரு சுவிட்சும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். செல் விலைக்குப் பயந்து வீட்டு மின்சாரத்தை இதில் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். இந்த வயர் தண்ணீருக்குள் போகிறது. அந்தத் தண்ணீரைத்தான் மாடும் மனுஷரும் தொடுகிறார்கள். மோட்டார் வயரோடு சேர்த்தும் இழுக்க வேண்டாம். மோட்டார் தானே நிற்க வேண்டுமானால் ரிலே, ஸ்டார்ட்டர் என்று வேலை பெரிசு. அதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். இந்த விளக்கு தகவல் மட்டும் சொல்லும், மோட்டாரை நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

தொட்டியில் மாட்டும் முன் ஒரு வாளித் தண்ணீரில் ரெண்டு முனையையும் முக்கிப் பாருங்கள். எரியவில்லையென்றால் விளக்கின் கால்கள் மாறியிருக்கும், இல்லாவிட்டால் டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்திருப்பீர்கள். ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளையைக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சரி செய்து கொடுப்பான்.