டிரௌட் மீனும் வானிலையும்

கடலிற் செல்லும் மீனவருக்குக் காற்றும் புயலும் உயிரோடு தொடர்புடையவை. இது நாம் அறிந்ததே. ஆனால், முழங்கால் அளவு ஆற்று நீரில் நின்றுகொண்டு, முள்ளிலே இறகும் ரோமமும் சுற்றிச் செய்த பொய் ஈயை வீசி, ஒரு மீனை ஏமாற்ற முயல்கின்ற மனிதனுக்கு வானம் எப்படி இருந்தால் என்ன என்று உங்களிற் சிலர் கேட்கலாம். உண்மையில் அவனைப் போல் அடிக்கடி வானத்தை அண்ணாந்து பார்க்கிறவர் நமது மானாவாரி உழவர் ஒருவரே எனலாம்.

அவன் நாடும் மீனின் பெயர் டிரௌட். குளிர்ந்து ஓடும் தெளிநீரில் வாழ்வது. நமது நீலகிரிக்கு 1860-களில் பிரான்சிஸ் டே என்பவர் இதனைக் கொண்டுவர முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்த பின்னரே அது அம்மலை ஓடைகளில் நிலைகொண்டது. ஆயினும் இம்மீனைப் பற்றி நான் கற்றவற்றிற் பெரும்பகுதி அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள மான்டானா மாநிலத்து ஆறுகளிற் கற்றதாகும். ஆதலால் அங்கேயே உங்களை அழைத்துச் செல்கிறேன்.

மேடிசன், எல்லோஸ்டோன், காலட்டின் முதலிய அவ்வாறுகளுக்குத் தாய் மலைப்பனியே. குளிர்காலமெல்லாம் ராக்கி மலைச் சிகரங்களில் குவிந்த பனி, மே, ஜூன் மாதங்களில் உருகி இறங்கும்போது ஆறு பொங்கிக் கலங்கி ஓடும். அந்நாட்களில் தூண்டில்காரன் வீட்டிலிருப்பதே நலம். தன் முகத்தருகே மிதக்கும் இரையையும் மீன் காண இயலாது. வெள்ளம் தணியத் தொடங்கும் வேளையில் ஓர் அற்புதம் நிகழ்கிறது. ஆற்றுக் கற்களின் அடியில் மூன்று நான்கு ஆண்டுகள் சிறகின்றி ஊர்ந்து வாழ்ந்த ஒருவகைப் பெரும்பூச்சி, கரையேறித் தோலுரித்துச் சிறகு பெற்றுப் பறக்கிறது. சாமன் ஈ என்பது அங்கே அதற்கு வழங்கும் பெயர். மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து ஈசல் புறப்படுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தகைய காட்சியே இதுவும். ஆனால் ஈசலை எழுப்புவது மழை. இதனை எழுப்புவது நீரின் வெப்பநிலை. நீர் ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதி முன்னதாக வெதுவெதுப்படைவதால் அங்கே முதலில் பூச்சி எழும். பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாக மேல்நோக்கி நகரும். இடையில் மேகம் சூழ்ந்து குளிர் திரும்பினால் அந்த ஊர்வலம் அப்படியே நின்றுவிடும். நாட்காட்டியைப் பார்த்து வந்தவர் ஏமாறுவர். வெப்பமானியை நீரில் நனைத்துப் பார்த்து வந்தவர் ஏமாறார்.

இனி மேகத்தைப் பார்ப்போம். சுற்றுலா வந்தவர் நீல வானத்தை விரும்புவர்; தூண்டில்காரனோ மூட்டமும் தூறலும் வேண்டுகிறான். இதற்கு இரு காரணங்கள் உண்டு. இலையுதிர் காலத்தில் எழும் மிகச்சிறிய மே ஈக்கள் நீர்ப்பரப்பில் வந்து சிறகு விரித்து, அது உலர்ந்த பின்னரே பறக்க வல்லவை. ஈரக் காற்றில் சிறகு விரைவில் உலராது. ஆகவே அவை நெடுநேரம் நீரில் மிதக்கின்றன, மீனுக்கு விருந்து. மற்றொன்று ஒளி பற்றியது. நீருக்குள்ளிருந்து நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே தெரிகிறது. ஏறக்குறைய 97 டிகிரி கோணமுள்ள கூம்பு அது. அதற்கப்பால் நீரின் மேற்பரப்பு கண்ணாடியாகி ஆற்றின் அடியையே எதிரொளிக்கும். அசைவற்ற நீரில், வெயில் எறிக்கும் பொழுதில், அச்சாளரத்தினூடே கோலின் அசைவும் மனிதனின் நிழலும் நன்றாகத் தெரியும். மெல்லிய காற்று எழுப்பும் சிற்றலை அச்சாளரத்தைச் சிதைத்து மனிதனை மறைக்கிறது. ஆகஸ்ட் மாதப் பிற்பகற் காற்று கரைப் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகளையும் அடித்து வந்து ஆற்றில் தள்ளும். ஆனால் மாலையில் அதே காற்று பகையாகும். நீர்மேல் கூட்டமாகப் பறந்து இணைசேரும் ஈக்கள் காற்றுக்கு அஞ்சிப் புதருக்குள் ஒதுங்கிவிடும். இடியோசை கேட்டாலோ கோலைக் கீழே போட்டுவிட்டு விலகுவதே அறிவுடைமை. இக்காலத்துக் கோல்கள் மின்சாரத்தைக் கடத்தும் கரிநாரால் ஆனவை.

காற்றழுத்தம் குறைந்தால் மீன் இரையெடுக்காது என்பாரும், அப்பொழுதுதான் நன்றாக எடுக்கும் என்பாரும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கின்றனர். எனக்கு இரு கட்சியிலும் பற்றில்லை. கணக்குப் பாருங்கள். கடும் புயல் ஒன்றில் காற்றழுத்தம் 20 அல்லது 30 மில்லிபார் குறையலாம். நீரில் 1 மீட்டர் ஆழத்திற்குச் சுமார் 98 மில்லிபார் கூடுகிறது. அப்படியாயின், ஒரு சாண், ஒன்றரைச் சாண் மேலே எழும்பும் மீன் ஒரு புயலளவு மாறுதலைத் தன் உடலில் உணர்ந்துவிடுகிறது. இதை அது நாளெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறது. அழுத்தம் குறையும்போது மேகமும் உடன் வருகிறது. மேகம் செய்த வேலைக்குக் காற்றழுத்தமானி பெயர் வாங்கிக்கொள்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

வெப்பத்தின் கதை வேறு. அது நம்பிக்கையன்று, இரசாயனம். கடல்மட்டத்தில் 10 டிகிரி வெப்பமுள்ள 1 லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கலாம். 25 டிகிரியில் சுமார் 8 மில்லிகிராமே தங்கும். மலை உயர உயர இவ்வளவும் குறையும். வெப்பம் ஏறும்போது மீனுக்குப் பிராணவாயுத் தேவையோ மிகுகிறது. வரவு சுருங்கச் செலவு பெருகும் குடும்பத்தின் நிலை அது. 20 டிகிரிக்கு மேல் டிரௌட் தளர்கிறது. 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே இடர். இந்நிலையில் தூண்டிலிற் சிக்கிப் போராடிக் களைத்த மீனை எவ்வளவு மெதுவாக நீரில் விடுவித்தாலும், அது நீந்திச் சென்று மறைந்த சிறிது நேரத்தில் இறந்துபோகக்கூடும். மீனைப் பிடித்து மீண்டும் ஆற்றில் விட்டுவிடுவதால் தன்னால் தீங்கில்லை என்று எண்ணும் வேட்டைக்காரனுக்கு இது சங்கடமான செய்தி.

ஆகவேதான் மான்டானாவில் ஒரு விதி உண்டு. நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அவ்வாற்றில் மீன் பிடித்தலைத் தடை செய்யலாம். கோடையில் காடு காய்ந்து தீப்பற்றும் அச்சமிருந்தபோது, மரம் வெட்டுவோர் ஆந்தை அலறும் விடியற்கருக்கலிலேயே வேலையை முடித்துக்கொள்வராம். அவ்வழக்கத்தை ஒட்டி இதற்கும் ஆந்தைத் தடை என்று பெயர். மாலையில் காற்று குளிர்கிறதே, அப்பொழுதும் ஏன் தடை என்று கேட்பீர்கள். காற்று குளிர்ந்த உடனே ஆறு குளிர்வதில்லை. பகல் முழுதும் வாங்கிய வெப்பத்தை அது மெல்லத்தான் விடும். அது மிகக் குளிர்ந்திருப்பது வைகறையில். 2021-ஆம் ஆண்டுக் கோடையில் அம்மாநிலத்தின் பல ஆறுகளில் இத்தடை விதிக்கப்பட்டது.

இந்த வெப்பம் எல்லா மீன்களையும் ஒருபடித்தாகத் தாக்குவதில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பழுப்பு டிரௌட் சற்றுத் தாங்கும். பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்ட வானவில் டிரௌட், ஓடைகள் வெதுவெதுப்பாக ஆக, மேலும் மேலும் மலையேறி, அங்கே காலங்காலமாக வாழும் கட்த்ரோட் என்னும் சுதேசி டிரௌட்டோடு கலந்து கலப்பினத்தை உண்டாக்குகிறது. கலப்பற்ற சுதேசி மீனோ குளிர் நீரைத் தேடி இன்னும் மேலே ஒதுங்குகிறது. அது ஏறிச் செல்லக்கூடிய தூரம் பனி உருகும் ஊற்றுக்கண் வரையில்தான்.