காற்றுக்குக் கீழுள்ள நாட்டில் வீசிய புயல்



சபா மாநிலத்தைப் பண்டை மாலுமிகள் 'காற்றுக்குக் கீழுள்ள நாடு' என்றனர். சூறாவளிகள் அதற்கு வடக்கே பிலிப்பீன்ஸ் வழியாகவே சென்றுவிடும் என்பது அவர்களது பட்டறிவு. அப்பெயருக்கு நேர்மாறாக, 1996 டிசம்பர் இறுதியில் 'கிரெக்' என்னும் வெப்பமண்டலப் புயல் அம்மாநிலத்தைத் தாக்கிற்று.

பெருந்துயர் நேர்ந்த இடம், மலைகளுக்கிடையே ஆற்றோரம் அமைந்த கெனிங்காவ். அங்கே உயிர்களைக் கவர்ந்தது காற்றைக் காட்டிலும் வெள்ளமே. மலைமேற் பெய்த பெருமழை சேற்றையும் மரத்தடிகளையும் சுமந்துவந்து கரையோர வீடுகளை அள்ளிச் சென்றது. மாண்டோர் 238 பேர். காணாமற்போனோர் 102 பேர். உடலும் கிட்டாத குடும்பத்தார் எந்நாளைத் திதியாகக் கொள்வர்?

நிலநடுக்கோட்டருகே பூமிச் சுழற்சியின் திருப்புவிசை குன்றுவதால் புயல் உருவாதல் அரிது. அரிது என்பது இல்லை என்பதன்று. 2001 டிசம்பர் 27-இல் 'வாமெய்' புயல் ஜோகூரிலேயே கரையேறியது!

பாரிட் புந்தாரும் கிரியான் ஆற்றங்கரை ஊரே. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த இச்சமவெளியில் வெள்ளம் அவ்வேகத்தில் பாயாது. ஏறிய நீரோ எளிதில் வடியாது. அன்னதான அண்டாக்கள் ஆலயத்தில் உண்டு. அவற்றை உயர்ந்த மேடையில் வைத்தல் வேண்டும். மண்டபத் திறவுகோல் இரவில் யாரிடம் இருக்கும், தனித்து வாழும் முதியோர் எவ்வீடுகளில் உள்ளனர் என்னும் விவரங்களை நிர்வாகம் ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் எழுதி வைத்தல் நலம்.