வீட்டுத் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் காய்கறி

(உழவர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லும் கரும்பும் பருத்தியும் விளைவிக்கும் நம்மில் பலர், சந்தை நாளில் பையை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போகிறோம். நிலம் இருக்கிறது, கிணறும் இருக்கிறது. ஆனால் அடுப்பங்கரைக்கு வேண்டிய காய் மட்டும் காசு கொடுத்தால்தான் வருகிறது. அந்த வாரம் கையில் காசு இல்லையென்றால், குழந்தைகளின் தட்டில் சோறும் புளிக்குழம்பும் ஊறுகாயும்தான்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறிமுறையில், ஒருவருக்கு நாள்தோறும் 300 கிராம் காய்கறி வேண்டும், அதில் 50 கிராம் கீரையாக இருக்க வேண்டும் என்று கூறியது. அந்தக் கணக்குப்படி பார்த்தாலே, ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ, மாதத்திற்கு 45 கிலோ காய்கறி தேவை. இதை விலைக்கு வாங்கிச் சமாளிப்பது எளிதன்று.

"நாங்களும் தோட்டம் போட்டோம், இரண்டு மாதம் காய்த்தது, பிறகு போய்விட்டது" என்று சொல்வோர் உண்டு. நானும் அப்படிப்பட்டவனே. குடித்தனம் தொடங்கிய ஆண்டில், வேளாண்மை படித்தவன் என்ற துணிவில், வீட்டின் பின்புறம் இருந்த 3 செண்ட் இடம் முழுவதிலும் ஆடியில் ஒரே வாரத்தில் கத்தரியும் வெண்டையும் வைத்தேன். புரட்டாசியில் கூடை கூடையாகக் காய். அக்கம்பக்கத்தார் போதும் போதும் என்றார்கள். பங்குனியில் அங்கே காய்ந்த குச்சிகள்தாம் நின்றன. பையுடன் சந்தைக்குப் புறப்பட்ட என் மனைவி, "பட்டம் வாங்கியவருக்குப் பட்டம் தெரியவில்லையே!" என்றார். அன்று கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலும் வீட்டுத் தோட்டம் கெடுவது இடம் போதாமல் அன்று. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் விதைப்பதால்தான்.

இடமும் அமைப்பும்

ஐந்து பேர் குடும்பத்திற்கு 5 செண்ட், அதாவது சுமார் 200 சதுர மீட்டர் போதுமானது. அவ்வளவு இல்லாதவர்கள் உள்ள இடத்திற்கேற்பச் செய்யலாம். நல்ல வெயில் படும் இடமாக இருக்கட்டும். முருங்கை, அகத்தி, பப்பாளி, கறிவேப்பிலை போன்றவற்றை வடக்கு ஓரத்தில் வையுங்கள். அவற்றின் நிழல் பாத்திகளின் மேல் அதிகம் விழாது. வேலியோரம் பாகல், பீர்க்கு, அவரைக் கொடிகளை ஏற்றலாம். ஒரு மூலையில் எருக்குழி இருக்க வேண்டும்.

நடுவில் உள்ள இடத்தை ஆறு பாத்திகளாகப் பிரியுங்கள். எந்த மாதத்திலும் இரண்டு பாத்தி காய்த்துக்கொண்டும், இரண்டு வளர்ந்துகொண்டும், இரண்டு விதைப்புக்கு ஆயத்தமாகவும் இருக்க வேண்டும். ஆறையும் ஒருசேர விதைக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

பட்டத்திற்கு ஏற்ற பயிர்

ஆடிப்பட்டத்தில் கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை, பூசணி ஆகியவற்றைப் பயிரிடலாம். ஆடியில் நடவேண்டிய கத்தரி, மிளகாய்க்கு ஆனியிலேயே நாற்றங்கால் விட்டிருக்க வேண்டும். பந்தல் அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆகவே கொடி தழைத்தும் பூக்கவில்லையே என்று புரட்டாசியில் பிடுங்கிவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் அதுவே உங்களுக்குக் கை கொடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாழ்ந்த பாத்திகளில் நீர் தேங்கி நாற்று அழுகும். அப்போது மேட்டுப்பாத்தி அமைப்பது நலம். அந்த மாதங்களில் முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, வாழை இவையே சமையலைத் தாங்கும். கார்த்திகையில் தக்காளிக்கு நாற்று விட்டு மார்கழியில் நட்டால், கடும் வெயிலுக்கு முன்பே பூத்துப் பிஞ்சு பிடிக்கும். முள்ளங்கி, கொத்தமல்லிக்கும் இது ஏற்ற காலம்.

அடுத்துவரும் தைப்பட்டத்தைத்தான் நாம் கோட்டை விடுகிறோம். அறுவடையும் பொங்கலுமாகத் தோட்டத்தை மறந்துவிடுகிறோம். தையில் கொத்தவரை, வெண்டை, வெள்ளரி, பாகல், புடல் ஊன்றினால்தான் பங்குனி, சித்திரையில் காய் பறிக்க முடியும். கொத்தவரை வறட்சியை நன்கு தாங்கும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகும் தேமல் நோய் கண்டால், அந்தச் செடியை உடனே பிடுங்கி அழித்துவிடுங்கள். பெரியகுளம் 1 செடிமுருங்கை விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். இரண்டு செடி இருந்தால் கோடைக்குப் பெரும் துணை.

கீரைக்குப் பட்டம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பாத்தியை நான்காகப் பிரித்து, 15 நாட்களுக்கு ஒரு பகுதியாக விதையுங்கள். விதை மிகச் சிறியது. மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். முளைக்கீரையை 25 நாட்களில் பிடுங்கலாம். அரைக்கீரையைப் பலமுறை அறுக்கலாம்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பத்துப் பயிர்கள். ஒன்று இருந்த பாத்தியில் அடுத்து மற்றொன்றை வைத்தால், மண்ணில் தங்கும் வாடல் நோய் தொடரும். இடையில் அவரையோ கொத்தவரையோ கீரையோ பயிரிடுங்கள்.

தண்ணீர்

கோடையில் செடியைச் சுற்றி வைக்கோல், சருகு கொண்டு மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும். பாத்திரம் கழுவும் நீரை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிடலாம். கீரைப் பாத்தியில் விடக்கூடாது.

மருந்தில் எச்சரிக்கை

பருத்திக்கு அடித்து மீந்த மருந்தை, வீணாக்குவானேன் என்று வீட்டுக் கத்தரிக்கு அடிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மறுநாளே அக்காயைப் பறித்துக் குழந்தைக்குச் சமைத்துப் போடுகிறோம். இது தன் கையாலேயே தன் பிள்ளைக்கு நஞ்சு ஊட்டுவதாகும். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டிலேயே அரசு தடை விதித்தது. வீட்டுத் தோட்டத்தில் இத்தகைய மருந்துகளுக்கு இடமே வேண்டாம்.

கத்தரியில் நுனி வாடிய குருத்துகளைப் புழுவோடு கிள்ளி எரியுங்கள். சொத்தைக் காய்களையும் அவ்வாறே அழியுங்கள். அரைக் கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, 10 லிட்டர் ஆக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். பெரும்பாலான பூச்சிகளுக்கு இதுவே போதும்.

பெருமக்களே, இன்று வீடு திரும்பியதும் சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுங்கள். ஒவ்வொரு மாதத் தாளிலும், அந்த மாதம் உங்கள் தோட்டத்திலிருந்து என்ன காய் வரும் என்று எழுதுங்கள். எந்த மாதத்தில் எழுத ஒன்றும் இல்லையோ, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னே சென்று, அங்கே என்ன விதைப்பது என்று குறித்துவையுங்கள். வீட்டுத் தாய்மார்களையும் கேட்டு எழுதுங்கள். எந்த மாதத்தில் காய்க்குத் தட்டுப்பாடு என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.