டாக்டருக்கும் ஓர் அமாவாசை வேண்டும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் சென்னிமலை சந்திப்பில், மயக்க மருந்து நிபுணரான சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"சந்தோஷமா எதையாவது பேசுங்க" என்றுதான் செயலாளர் சொன்னார். மன்னிக்க வேண்டும். நம் தொழிலில் அந்தச் சந்தோஷம் எப்படிக் கரைந்து போகிறது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது இதே சென்னிமலையில். அப்பா குழித்தறியில் போர்வை நெய்தவர். ஆர்டர் எவ்வளவு அவசரம் என்றாலும் அமாவாசை அன்று தறியில் உட்கார மாட்டார். "தறிக்கும் ஓய்வு வேணும், காலுக்கும் ஓய்வு வேணும் கண்ணு" என்பார். அவர் மகன் நான் டாக்டரானேன். 20 வருஷம் எனக்கு அமாவாசையே வரவில்லை.

எங்கள் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். விடியற்காலையில் ஓர் ஊரில் சிசேரியன், பத்து மணிக்கு இன்னோர் ஊரில் எலும்பு ஆபரேஷன், மத்தியானச் சாப்பாடு காரில். ராத்திரி 2 மணிக்குப் போன் வந்தாலும் எடுத்தாக வேண்டும். "மூணு நாளாத் தூக்கமே இல்லீங்க" என்று அதையும் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம்.

அப்படி ஒரு மூன்றாம் நாள் ராத்திரி. மேஜையில் ஒரு கர்ப்பிணிப் பெண். நான் ஆம்பூலை உடைத்து மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர், "சார், ஒரு நிமிஷம், லேபிளைப் பாருங்க" என்றார். பார்த்தேன். அது வேறு மருந்து. "சரிம்மா, வேற எடுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வண்டியை ஓரம் கட்டினேன். கை நடுங்கியது. தவறு செய்ய இருந்தேன் என்பது ஒரு பக்கம். அந்த நேரத்தில் எனக்குப் பதற்றமே வரவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. மேஜையில் படுத்திருந்தவர் ஒரு மனுஷி என்ற நினைப்பே என்னிடம் மரத்துப் போயிருந்தது.

இதற்குப் பெயர் 'பர்ன்அவுட்'. மனம் தீய்ந்துபோன நிலை. 1974-ல் நியூயார்க்கில் இலவச மருத்துவமனைப் பணியாளர்களைப் பார்த்து ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதினார். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் நோயாக அல்ல. வேலையால் வரும் நிலையாக. அதன் அடையாளங்கள் மூன்று: தீராத அசதி, வேலையின் மேல் வெறுப்பு அல்லது விலகல், 'நம்மால் என்ன ஆகப்போகுது' என்ற எண்ணம். என்னிடம் மூன்றும் இருந்தன.

காரணம் என்ன? முதலாவது, தூக்கம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பே 0.03 தான்!

இரண்டாவது, தனியாக இழுப்பது. கீழே ஆஸ்பத்திரி, மாடியில் வீடு, தலைக்கு மேலே பேங்க் கடன். நம் கொங்குச் சீமையில் இந்த அமைப்பு எத்தனை ஊரில் இருக்கிறது! உழைப்பாளி என்று பெயர் வாங்கிய நாம், ஓய்வெடுத்தால் சோம்பேறி என்பார்களோ என்று பயப்படுகிறோம்.

மூன்றாவது, பயம். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நியாயமே. ஆனால் வழக்குக்கு மேலே இப்போது கத்தி பயமும் சேர்ந்திருக்கிறது. 2024 நவம்பரில், சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவரை ஒரு நோயாளியின் மகன் குத்தினார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் கொல்கத்தாவில், டியூட்டிக்கு நடுவே ஓய்வெடுக்கப் போன பயிற்சி மருத்துவர் கொலை செய்யப்பட்டார். படுக்கக்கூட அவருக்குப் பாதுகாப்பான ஓர் அறை இல்லை.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பெருமையை ராத்திரி கண்விழித்துத் தாங்குகிறவர்கள் யார் என்பதையும் நினைக்க வேண்டும்.

பஸ் டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. நாமக்கல் லாரி வடநாடு போனால் இரண்டு டிரைவர் போகிறார்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்குகிறார். லாரிக்குத் தெரிந்த கணக்கு ஆபரேஷன் தியேட்டருக்குத் தெரிய வேண்டாமா?

அந்த ராத்திரிக்குப் பிறகு, பக்கத்து ஊர்களில் இருந்த மயக்க மருந்து டாக்டர்கள் நாலு பேர் சேர்ந்து முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் முறையில் மற்றவர் போன் அணைந்திருக்கும். வருமானம் குறைந்தது, மறைக்கவில்லை. ஒரு சர்ஜன் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிக்கொண்டார். ஆனால் என் மகள், "அப்பா இப்பத்தான் வீட்ல பேசறாரு" என்று அவள் அம்மாவிடம் சொன்னாளாம். அந்தக் கணக்கை எந்த பேங்கில் போட்டுப் பார்ப்பது?

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி மருத்துவர்கள் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் பரிந்துரைத்தது. அதைக் கேட்பது சோம்பேறித்தனம் இல்லை. நோயாளியின் பாதுகாப்பைத்தான் கேட்கிறீர்கள். மனம் தாங்கவில்லை என்றால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் உதவி எந்நேரமும் உண்டு. கைக்கெட்டும் அலமாரியில் மருந்து இருக்கிறதே என்று நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படித் தொலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூத்தவர்களே, "நாங்க எல்லாம் அப்படித்தான் கஷ்டப்பட்டோம்" என்று இனி சொல்ல வேண்டாம். அன்றைக்கு நம்மைத் தடுத்து நிறுத்த ஒரு சிஸ்டர் இருந்தார். எல்லா ராத்திரியும் இருப்பாரா?

மலைமேல் இருக்கும் முருகன் நம் எல்லோருக்கும் நல்ல தூக்கத்தைத் தரட்டும்.