அவர் சொன்னது அவர் பெயரில் ஏறட்டும்

வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் திருவொற்றியூருக்கு வந்திருக்கும் சகோதரிகளே, தோழர்களே!

பெண் அதிகாரிகள் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை, கூச்சப்படுகிறார்கள், தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. நான் கேட்கிறேன்: வடசென்னைப் பெண்ணுக்கா கூச்சம்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பிறகு ஆலைக்கு எதிரே போராட வந்து உட்கார்ந்தவர்களில் முன்வரிசை யார்? நம் மீனவத் தாய்மார்கள். நாள்கணக்கில் எழவில்லை. அவர்கள் குரல் கோட்டை வரைக்கும் கேட்டது. அவர்களுக்கு எந்த நிறுவனம் பயிற்சி கொடுத்தது?

அந்தத் தாய்மார்களின் மகள்கள் இன்று கெமிஸ்ட், இன்ஜினியர், நர்ஸ். ஆய்வுக்கூடத்துப் பெண் கூட்டத்தில் எழுந்து, "இந்த அளவு சரியில்லை சார்" என்கிறார். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பத்து நிமிடம் கழித்து அதையே ஓர் ஆண் அதிகாரி சொல்கிறார். கூட்டக் குறிப்பில், அதாவது மினிட்ஸில், அந்த ஆணின் பெயர் ஏறுகிறது. பதவி உயர்வுக்குக் கோப்பைப் புரட்டும்போது, அந்தப் பெண் எதையுமே சொல்லாதவர் ஆகிவிடுகிறார். இதற்குப் பெயர் கூச்சமா? திருட்டு!

ஆலையில் யார் பேச்சு எடுபடும்? ஷிஃப்ட் இன்சார்ஜ் பேச்சு. இரவு ஷிஃப்ட் பார்க்காமல் இன்சார்ஜ் ஆக முடியுமா? 1948 தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களுக்குக் கதவைச் சாத்தியது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. போக்குவரத்தும் பாதுகாப்பும் கொடுத்து வேலை கொடு என்றது. கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இன்னும் "உன் நல்லதுக்குத்தாம்மா" என்று பகல்நேர ஜெனரல் ஷிஃப்டிலேயே உட்கார வைக்கிறார்களே, அது யாருடைய நல்லதுக்கு?

பொறுப்பு கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ரேஷ்மா நிலோஃபர் நம் சென்னைப் பெண். கொல்கத்தாத் துறைமுகத்துக்கு ஹூக்ளி ஆற்றில் கப்பல்களை வழிநடத்தும் பைலட். அவர் வலது பக்கம் திருப்பு என்றால் கப்பல் திரும்புகிறது. பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள், பேச்சு தானாக எடுபட்டது. நம் கண்ணெதிரே சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம். இங்கே அப்படிப்பட்ட பொறுப்பில் எத்தனை பெண்கள்? கணக்கைப் பகிரங்கமாக வையுங்கள்!

நம் சங்கங்களையும் கேட்கிறேன். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெருமை வடசென்னைக்கு உண்டு. நூறாண்டு தாண்டியும் நிர்வாகக் குழுவில் பெண்களை விரல்விட்டு எண்ணினால், முதலாளியைத் தட்டிக் கேட்கும் யோக்கியதை நமக்கு எப்படி வரும்?

ஆகவே கேட்கிறோம். ஒன்று, கருத்தைச் சொன்னவர் பெயரோடு மினிட்ஸ் எழுது. கூட்டம் முடியுமுன் வாசித்துக் காட்டு. இரண்டு, போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு 1987-ல் ஆபத்தான ஆலைகளுக்குப் பாதுகாப்புக் குழுவைச் சட்டம் கட்டாயமாக்கியது. தொழிலாளருக்குச் சரிபாதி இடம் தந்தது. அந்தக் குழுவில் பெண்களை உட்கார வை. மூன்று, விரும்பும் பெண்ணுக்கு வண்டியோடு இரவு ஷிஃப்ட் கொடு. நான்கு, 10 பேர் வேலை பார்க்கும் இடத்திலும் பாலியல் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013 சட்டம். உறுப்பினர் பெயர்களை வாசலில் ஒட்டு. பயத்தோடு இருப்பவர் எப்படிப் பேசுவார்?

தோழர்களே, முக்கியமாக ஆண் தோழர்களே! நாளைக்கே உங்கள் கூட்டத்தில் ஒரு பெண்ணின் கருத்து வேறொருவர் பெயரில் ஏறினால், எழுந்து நில்லுங்கள். "இது இவர் சொன்னது" என்று உரக்கச் சொல்லுங்கள். திருத்தி எழுதும்வரை உட்காராதீர்கள்!